பவர் பேங்க்கில் 1938ஆம் வருடக் குடும்பப் படம்: எந்த மாடல், எப்படி அச்சடிப்பது, முகத்தை எவ்வளவு சரி செய்யலாம்?

பெகு_பேரன்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம், ரங்கூனிலேயே வைக்கிறோம். வருகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளரும் குங்குமச் சிமிழும் யார் வீட்டிலும் அலமாரியை விட்டு இறங்குவதே இல்லை. அதனால் குடும்பத்துக்கு ஒன்று என்று பவர் பேங்க் கொடுக்கலாம் என நானும் சித்தப்பாவும் பேசி வைத்திருக்கிறோம். கரண்ட் நிலவரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாமுவே பக்கம் நாலு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இல்லை, அதுவும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. நள்ளிரவில் தெருப் பிள்ளைகள் "மீ லா பீ" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தினால் வீடே எழுந்து சார்ஜரைத் தேடி ஓடுகிறது.

சும்மா கொடுக்காமல் அதன் மேல் ஒரு படம் போட ஆசை. தாத்தாவின் அப்பா, அம்மா, நடுவில் அவர்களுடைய மூத்த பெண். பின்பக்கம் பென்சிலால் 1938 என்றும் மொகல் தெரு என்றும் எழுதியிருக்கிறது. பூட்டன் கோட்டும் வேட்டியும் தலைப்பாகையுமாக நிற்கிறார், காலில் செருப்பு இல்லை. பூட்டி நாற்காலியில். இரண்டு வயதுப் பெண் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. படம் எடுத்த கையோடு தபாலில் திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்விட்டதால் தப்பித்தது. இங்கே இருந்ததெல்லாம் ஜப்பான்காரன் வந்த 1942இல் போட்டது போட்டபடி போய்விட்டது. அந்தப் பெண்ணும் அந்த வருடம் அராக்கான் வழியாக நடந்து போனபோது காய்ச்சல் கண்டு வழியிலேயே இறந்துவிட்டது. தாத்தா பிறந்தது 1945இல், ஊரில். சண்டை ஓய்ந்து குடும்பம் மறுபடி இங்கே வந்தது.

படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பூட்டன் பூட்டி முகம் ஓரளவு தெளிவு. குழந்தையின் இடது பாதி முகத்தைப் பூஞ்சை தின்றுவிட்டது. இங்கே ஒரு கடையில் காட்டினேன், செல்போனிலேயே ஒரு போட்டோ எடுத்து, ஏஐ வைத்து எல்லாவற்றையும் சரி செய்து கலரும் போட்டு, ஒரே நாளில் தருகிறேன் என்கிறார்கள்.

எந்த மாதிரி பவர் பேங்க் வாங்குவது, எப்படி அச்சடிப்பது, படத்தை அந்தக் கடையில் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பி_வயர்

தம்பி, படத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, பேட்டரியைப் பற்றித் தெரியும். லெடானில் போன் ரிப்பேர் பார்க்கிறேன், வாரத்துக்கு ஒன்றாவது உப்பிப் போன பவர் பேங்க் மேசைக்கு வருகிறது.

முதல் விஷயம், 50000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று மேலே எழுதியிருக்கிற சின்ன டப்பாவைத் தொடாதே. 10000 எம்ஏஎச் உண்மையாக இருந்தாலே சுமார் 200 கிராம் எடை இருக்கும், 20000 என்றால் 350க்கு மேல். கையில் தூக்கிப் பார்த்தாலே பாதிப் பொய் தெரிந்துவிடும். சிலவற்றைப் பிரித்தால் உள்ளே ஒரு செல், மீதி இடத்தில் மணல் பொட்டலம்.

இன்னொரு விஷயம், அந்த 10000 என்பது உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட்டில் உள்ள கணக்கு. அதாவது 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும், நம் கைக்கு வருவது 5 வோல்ட் கணக்கில் 6000 சொச்சம். போன் பேட்டரியும் 5 வோல்ட்டுக்குக் கீழேதான் என்பதால், இன்றைய 5000 எம்ஏஎச் போனை ஒன்றரைத் தடவை ஏற்றலாம். இரண்டு தடவை என்று சொல்லிக் கொடுத்தால் சொந்தக்காரர்கள் உன்னைத்தான் திட்டுவார்கள்.

இதைவிட முக்கியம், அது தானே எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்பது. யாரும் இதைப் பார்த்து வாங்குவதில்லை. 10 வாட்டில் ஏற்றிக்கொள்கிற மாடல் என்றால் 10000 நிரம்பவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் பக்கம் கரண்ட் இருப்பதே நாலு மணி. 18 அல்லது 20 வாட் டைப்-சி உள்வாங்கல் இருக்கிற மாடல் என்றால் இரண்டரை மூன்று மணியில் முடியும், அதற்குத் தகுந்த சார்ஜரும் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று 20000 வாங்கி 10 வாட்டில் போட்டால் அது நிரம்பியதைக் கண்ணால் பார்க்க மாட்டாய்.

சும்மா_பார்க்கிறேன்

படம் போடுவதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பவர் பேங்க்கை இரவல் வாங்கிப் போனவன் இதுவரை திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. "இது என்னுடையது" என்று சாதிக்கவும் செய்வான். மேலே தலைப்பாகையோடு உங்கள் பூட்டன் முறைத்துக்கொண்டு நின்றால் அவன் என்ன சொல்வான்?

பழையபடம்

வணக்கம். நான் படம் சரி செய்கிற வேலையில் இருந்தவன், இப்போது தெரிந்தவர்களுக்கு மட்டும். உங்கள் இழையைப் படித்ததும் பதறிப்போய் எழுதுகிறேன்: அந்தப் படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்க யாரையும் விடாதீர்கள்.

காகிதத்தின் மேலே ஜெலட்டின் பூச்சு, அதற்குள்தான் வெள்ளி, அந்த வெள்ளிதான் படம். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் பசையாக இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் பூச்சு கண்ணாடியோடு நின்றுவிடும், உங்கள் கையில் வெறும் காகிதம்தான் வரும். முகத்தில் ஒட்டியிருந்தால் முகம் போயிற்று. ஈரத்துணி வேண்டாம், கண்ணாடி துடைக்கிற தண்ணீரும் வேண்டாம். ஓரங்களில் சாய்த்துப் பார்த்தால் நீலமாகப் பளபளக்கும், அது வெள்ளி மேலே பூத்து வந்தது, அழுக்கு என்று தேய்த்துவிடப் போகிறீர்கள்.

கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள், சிறிய படம் என்றால் 1200. பக்கத்திலிருந்து பளபளப்பு அடித்தால் ஸ்கேனரை விட்டுவிட்டு, மங்கலான பகல் வெளிச்சத்தில் கேமராவை நேர் மேலே வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து எடுக்கலாம். கடைக்காரர் செல்போனில் எடுத்ததை வைத்து வேலை செய்தால் அவருக்குத் தெரியாத இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் இட்டுக்கட்டும்.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். கீறல், மடிப்பு, தூசிப் புள்ளி, சுவர் மாதிரி வெறும் இடம், இதற்கெல்லாம் அது நல்ல வேலைக்காரன். முகத்தில் கை வைக்க விடக் கூடாது. அது உங்கள் பூட்டியைப் பார்த்ததில்லை, லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்திருக்கிறது, அவற்றின் சராசரி ஒன்றை உங்கள் பூட்டியின் தலைமுடிக்குக் கீழே ஒட்டிவிடும். மூக்குத்தியைத் தூசி என்று அழித்துவிடும். காதில் பாம்படம் தொங்கினால் அது என்ன என்று தெரியாமல் முடியாக மாற்றிவிடும்.

கலர் விஷயம் இன்னும் மோசம். அந்தக் காலத்துத் தட்டுகளிலும் பிலிம்களிலும் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்து விழும். எல்லா நிறமும் உணர்கிற பிலிம் 1930களில் பரவிவிட்டது என்றாலும், சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்ற வசதிக்காகவே பழைய வகையை விடாத ஸ்டூடியோக்கள் இருந்தன. உங்கள் படத்தில் பூட்டியின் சேலை கருகருவென்று இருந்தால் அது அரக்குச் சேலையாக இருக்கலாம், சிவப்புக் கண்டாங்கியாக இருக்கலாம். கம்ப்யூட்டர் அதைக் கறுப்பு என்றோ கருநீலம் என்றோ தீர்மானித்துப் பூசிவிடும். பிறகு பேரப்பிள்ளைகள் "பூட்டி நீலச் சேலை கட்டியிருந்தார்" என்று சத்தியம் செய்வார்கள்.

மோல்மீன்_மல்லி

பழையபடம் ஐயா சொல்வதெல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது மியூசியத்துக்குப் போகிற படம் இல்லையே. கல்யாண வீட்டில் கொடுக்கிற பொருள். எங்கள் அப்பத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் போட்டுக் கொடுத்தபோது எங்கள் அத்தை அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சேலை நிறம் சரியா தப்பா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பழைய ஸ்டூடியோக்காரர்களே கையால் கன்னத்துக்கு ரோஸ் பூசி, நகைக்கு மஞ்சள் தொட்டுத்தானே கொடுத்தார்கள்? அவர்களுக்கு மட்டும் சேலை நிறம் தெரிந்தா பூசினார்கள்?

அந்தக் குழந்தை முகத்தைப் பாதியோடு விடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. எண்பது வயதுக்காரருக்கு அவருடைய அக்காவின் முகத்தை முழுசாகக் கொடுங்கள். அவர் இனி எப்போது பார்ப்பார்?

பழையபடம்

தங்கச்சி, கையால் பூசியது பூசியதாகவே தெரியும், அதனால் யாரும் ஏமாறுவதில்லை. இது போட்டோ மாதிரியே வரும், வித்தியாசம் அங்கேதான்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். பவர் பேங்க்கின் மேல் பக்கம் என்ன அளவு, 14 சென்டிமீட்டருக்கு 7 இருக்குமா? 300 டிபிஐயில் அது 1650க்கு 830 புள்ளிகள்தான். மூன்று பேர் முழு உருவமாக நிற்கிற படத்தில் பெரியவர் முகமே 1 சென்டிமீட்டர் வந்தால் அதிகம், குழந்தை முகம் அதில் பாதி. சுண்டு விரல் நகத்துக்கும் சிறிது. அந்த அளவில் பூஞ்சைக் கறை ஒரு மங்கலாகத்தான் தெரியும். கீறலை எடுத்து, கறுப்பு வெள்ளையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே போதும். நகத்தைவிடச் சிறிய இடத்துக்காக ஒரு புது முகம் செய்ய வேண்டுமா?

படத்தின் நீள அகலம் வேறு, பவர் பேங்க்கின் நீள அகலம் வேறு. மேலும் கீழும் இடம் மிஞ்சும். அதை நிரப்ப ஏஐயை வைத்துத் திரைச்சீலையையும் தூணையும் நீட்டிவிடாதீர்கள். வெறுமனே விட்டு, கீழே மூன்று பேர் பெயரும் வருடமும் ஊரும் போடுங்கள். இருபது வருடம் கழித்து யார் கையிலாவது கிடைத்தால் அந்த எழுத்துதான் உதவும்.

காளிகோயில்_தெரு

நல்ல காரியம், தாத்தாவுக்கு என் நமஸ்காரம். ஒரு சந்தேகம் மட்டும். இறந்தவர்கள் படத்தைச் சுவரில் மாட்டிப் பொட்டு வைத்து மாலை போடுகிறோம். அதையே பின்பாக்கெட்டில் போட்டு அதன் மேல் உட்கார்வது சரியாக இருக்குமா? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள்.

அப்புறம் படம் அச்சடிக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், "பின்பக்கம் காலியாக இருக்கிறதே, ஷ்வேடகோன் பகோடா படம் போடலாமா, அம்மன் படம் போடலாமா" என்று கேட்பார்கள். கிளியர் என்ற ஜெர்மன்காரர் எடுத்த அந்தக் காலத்து ரங்கூன் படங்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன, கை துறுதுறுக்கும். வேண்டாம். 2014இல் இதே ஊரில் ஒரு மதுக்கடை விளம்பரத்தில் புத்தர் காதில் ஹெட்போன் வைத்துப் படம் போட்டதற்கு மூன்று பேர் உள்ளே போனார்கள், அதில் ஒருவர் வெளிநாட்டுக்காரர், இரண்டரை வருடத் தண்டனை. கோபுரப் படம் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், லுங்கி மடிப்பில் சொருகுகிற பொருளில் பகோடாவைப் பார்த்தால் பக்கத்து வீட்டு பர்மாக்காரர் மனசு சங்கடப்படும். நம் அம்மனுக்கும் அதே நியாயம்தான்.

பெகு_பேரன்

ஐயா, சாமி படம் எதுவும் கிடையாது, நிச்சயம். பாக்கெட் விஷயத்தைச் சித்தப்பாவும் கேட்டார், பைக்குள் வைக்கிற மாதிரி ஒரு துணி உறை தைத்துக் கொடுத்துவிடலாமா?

கம்பி_வயர்

துணி உறை சரி, எடுத்துப் போக மட்டும். உறைக்குள் வைத்துக்கொண்டே சார்ஜ் போடக் கூடாது என்று சொல்லிவிடு. சித்திரை மாதத்து ரங்கூன் வெயிலே 40ஐத் தொடுகிறது. லித்தியம் செல்லை ஏற்றும்போது 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்து ஏற்றுகிறவர்கள் நம் ஜனத்தில் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

அச்சு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. கப், தட்டு, டைல்ஸில் படம் போடுகிற கடைகள் பெரும்பாலும் சூட்டு அச்சு வைத்திருப்பார்கள். 180, 200 டிகிரியில் அழுத்தி எடுப்பது அது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முழு பவர் பேங்க்கை அந்த மெஷினுக்குள் வைக்கலாம் என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். செல்லுக்குள் இரண்டு தகட்டையும் பிரித்து வைக்கிற சவ்வு 130 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். அப்புறம் கடையும் இருக்காது.

முழுப் பொருளின் மேல் நேரடியாக அச்சடிக்க வேண்டும் என்றால் யூவி அச்சுதான். மை தெளித்த உடனே புற ஊதா விளக்கு அதைக் காய வைத்துவிடும், பொருள் கையில் பிடிக்கிற சூட்டுக்கு மேல் போகாது. பிளாஸ்டிக் உடம்பு என்றால் முதலில் ஆல்கஹால் வைத்துத் துடைத்து அடிப்பூச்சு பூசச் சொல், இல்லாவிட்டால் சாவிக்கொத்து உரசிய இடமெல்லாம் பூட்டன் உரிந்து வருவார். சொரசொரப்பு உடம்பு, ரப்பர் மாதிரி வழவழ உடம்பு இரண்டும் வேண்டாம், மட்டமான சமதளம் பார்த்து எடு.

பர்மாபஜார்_பேத்தி

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா 1964இல் பர்மா அரசாங்கம் கடையை எடுத்துக்கொண்ட பிறகு இங்கே வந்தவர், பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் சாமான் விற்றுத்தான் எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தார். இன்றைக்கும் அந்த வரிசையில் சார்ஜரும் ஹெட்போனும்தான்.

உங்கள் கல்யாணத்துக்கு இந்தியாவிலிருந்து ஆட்கள் வருவார்கள் இல்லையா, திரும்பிப் போகும்போது இதை விமானத்தில் எடுத்துப் போக வேண்டும். அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பவர் பேங்க் விமானத்தில் ஏற்றிவிடுகிற பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வி இல்லை, உங்கள் 10000 வெறும் 37தான். ஆனால் அந்தக் கணக்கு எழுதியிருக்கிற பொடி எழுத்து வெளியே தெரிய வேண்டும். படத்தை இரண்டு பக்கமும் ஒட்டி அந்த எழுத்தை மூடிவிட்டால், எத்தனை வாட்-மணி என்று காட்ட முடியாததை அதிகாரி எடுத்து வைத்துக்கொள்வார். பூட்டன் பூட்டி இருவரும் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போவார்கள்.

2025 ஜனவரியில் தென்கொரியாவில் புசான் விமான நிலையத்தில் ஒரு விமானம் புறப்படும் முன்பே எரிந்தது, பவர் பேங்க்கில்தான் தீ ஆரம்பித்திருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு கெடுபிடி அதிகம். தாய் ஏர்வேஸில் அந்த வருடம் மார்ச் 15 முதல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே கூடாது. ரங்கூனிலிருந்து பாங்காக் வழியாகத்தான் நம் ஆட்கள் பாதிப் பேர் வருகிறார்கள். தபாலில் அனுப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், தனி பேட்டரியைத் தபாலில் எடுக்க மாட்டார்கள்.

கம்பி_வயர்

இந்த அம்மா சொன்னது தங்கம். 50000 என்று எழுதியதைத் தொடாதே என்றேனே, அது நிஜமாகவே 50000 என்றால் 185 வாட்-மணி, எந்த விமானத்திலும் ஏறாது. பொய் என்றால் போனில் ஏறாது.

பெரிய கம்பெனி என்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே. 2025 ஜூனில் ஆங்கர் கம்பெனியே தன் பவர்கோர் 10000 மாடலில் ஏ1263 என்ற எண் உள்ளதை அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் திரும்ப வாங்கிக்கொண்டது, சூடாகித் தீப்பிடிக்கிறது என்று. அப்படித் திரும்ப வாங்கிய சரக்கு எங்கே சுற்றி எங்கே வரும் என்று நமக்குத் தெரியாதா. வாங்கும்போது அடியில் மாடல் எண்ணைப் படி.

பெகு_பேரன்

கடைக்காரர் மாதிரிப் படம் அனுப்பினார். நான் கொடுக்காமலேயே, அன்றைக்குச் செல்போனில் எடுத்ததை வைத்தே செய்துவிட்டார்.

என்ன சொல்வது. பூட்டன் சிரிக்கிறார். அந்தப் படத்தில் அவர் சிரிக்கவே இல்லை, எனக்குத் தெரிந்து அவர் இருக்கிற எந்தப் படத்திலும் சிரிக்கவில்லை, இதில் பல் வரிசையாகத் தெரிகிறது. பூட்டிக்கு இரண்டு பக்க மூக்குத்தியும் காணோம், ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. சேலைக்கு மயில் நீலம். வெறுங்காலுக்கு ஷூ போட்டுவிட்டது. குழந்தை அழகாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை. பழுப்புக் கண், சுருட்டை முடி, சீரியலில் வருகிற குழந்தை மாதிரி. நன்றாக இருந்த வலது பாதியையும் சேர்த்து மாற்றிவிட்டது. சித்தி பார்த்துவிட்டு "யார் வீட்டுப் பிள்ளை இது" என்று கேட்டார்.

மோல்மீன்_மல்லி

ஷூவா! சரி, அந்தக் கடையை விடுங்கள். ஆனாலும் ஒரு கெட்ட வேலைக்காரனை வைத்து முறையையே தப்பு சொல்லக் கூடாது. நல்லா இருக்கிற வலது பாதி முகத்தைத் திருப்பி இடது பாதியில் வைத்து, கையால் இழைத்துச் செய்யலாமே? அது அவளுடைய முகம்தானே, கம்ப்யூட்டர் முகம் இல்லையே.

பழையபடம்

செய்யலாம், நானே செய்திருக்கிறேன். யார் முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, அதனால் கொஞ்சம் பொம்மைத்தனம் வரும். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்திருந்தால் நிழலும் தப்பாகும். அப்படியும் வேண்டுமென்றால் அது ஒரு பிரதி, அசல் ஸ்கேன் வேறு கோப்பு, இரண்டும் வீட்டில் இருக்க வேண்டும், எது எது என்று பெயரிலேயே தெரிய வேண்டும். பத்து வருடம் கழித்து அசல் எங்கே என்று தெரியாமல் திருத்தியது மட்டும் எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருக்கும், நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது.

தாத்தாவிடம் கேட்டீர்களா? படம் அவருடைய அக்காவுடையது.

சும்மா_பார்க்கிறேன்

நான் கேட்க நினைத்ததை ஐயா கேட்டுவிட்டார். கல்யாண மாப்பிள்ளையைத் தவிர மீதி எல்லாரும் கூடி முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.

காளிகோயில்_தெரு

எனக்கு வேறொரு கவலை. பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும்? மூன்று வருடமா? செத்த பிறகு அதைக் குப்பையில் போடும்போது படத்தையும் சேர்த்துத்தானே போட வேண்டும். உறையில் வைத்தால் மரியாதை என்று சொல்லிவிட்டீர்கள், குப்பையில் போடும்போது என்ன செய்வது?

கம்பி_வயர்

நல்ல கேள்விதான் ஐயா. 300இலிருந்து 500 தடவை முழுசாக ஏற்றி இறக்கினால் செல் தளர்ந்துவிடும். தினம் கரண்ட் போகிற ஊரில் இரண்டு வருடம்கூடப் பெரிது. உப்ப ஆரம்பித்தால் மேலே ஒட்டிய படமே தூக்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கும், அன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும். உப்பியதை ஆணியால் குத்திப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம். சாதாரணக் குப்பையிலும் போடக் கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும், ரிப்பேர் கடையில் கொண்டுவந்து கொடுங்கள்.

அதனால் நேரடியாக அச்சடிக்காமல், மெல்லிய அக்ரிலிக் அட்டையில் படத்தை அச்சடித்து, ஒரு பக்கம் மட்டும் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவிடு. பேட்டரி போனால் அட்டையைக் கழற்றி வேறொன்றில் ஒட்டலாம், மேசையில் நிறுத்தி வைக்கலாம். அலுமினியத் தகட்டில் சூட்டு அச்சுப் போட்டும் ஒட்டலாம், தகட்டை மட்டும் தனியாக மெஷினில் வைப்பதால் ஆபத்து இல்லை. ஆனால் வயர் இல்லாமல் மேலே போனை வைத்து ஏற்றுகிற மாடல் என்றால் தகடு கூடவே கூடாது. நடுவில் உலோகம் இருந்தால் போன் ஏறாது, தகடுதான் கொதிக்கும். அட்டை டைப்-சி ஓட்டையையும் லைட்டையும் மறைக்காமல் பார்த்துக்கொள், பின்பக்கத்தைத் தொடாதே, பர்மா பஜார்ப் பெண் சொன்ன எழுத்து அங்கேதான் இருக்கும்.

பெகு_பேரன்

அண்ணே, அட்டை யோசனை அருமை. சித்தப்பாவும் சரி என்றுவிட்டார்.

நேற்று ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் தாத்தாவிடம் கேட்டேன். கடைக்காரர் செய்ததை முதலில் காட்டினேன், டார்ச் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்காவை நான் பார்த்ததில்லை, நீ எந்த முகத்தைக் காட்டினாலும் நான் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்" என்றார். அப்புறம் பழைய படத்தைக் கையில் வாங்கி, நேராகப் பூட்டனின் கோட்டுக்குப் போனார். "இந்தக் கோட்டும் கடிகாரச் சங்கிலியும் ஸ்டூடியோக்காரனுடையது, அப்பாவுக்குச் சொந்தமாகக் கோட்டே கிடையாது, சங்கிலியின் நுனியில் கடிகாரமும் இல்லை என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். சங்கிலி தெளிவாகத் தெரிகிற மாதிரி போடச் சொல்." இவ்வளவுதான் அவருடைய உத்தரவு. குழந்தை முகத்தைப் பற்றிக் கேட்டதற்கு, இருக்கிறபடி இருக்கட்டும் என்றார்.

பழையபடம் ஐயா, ஸ்கேன் மட்டும் யார் எடுத்துத் தருவார்கள் என்று தனிச் செய்தியில் சொல்ல முடியுமா? பான்சோடான் பக்கம் இரண்டு கடையில் கேட்டேன், சட்டத்தோடு வைத்தால் மூடி மூடாது என்கிறார்கள்.

பழையபடம்

மூடியைக் கழற்றிவிடலாம், பெரும்பாலான ஸ்கேனரில் மேல் மூடி அப்படியே கையில் வந்துவிடும். மேலே ஒரு கறுப்புத் துணி போட்டால் போதும். சட்டத்தின் விளிம்பு உயரமாக இருந்து படம் ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து தள்ளி நின்றால் மங்கலாக வரும், அப்போது கேமராதான். தனிச் செய்தி பார்க்கிறேன். சங்கிலிக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது, உலோகம் நன்றாகப் பதிந்திருக்கும். கோட்டின் கறுப்பைக் கொஞ்சம் இளக்கினால் தானாகத் தெரியும்.

மோல்மீன்_மல்லி

தாத்தா சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. ஆனால் கலர் விஷயத்தில் நான் இன்னும் ஒப்பவில்லை, உங்கள் சித்தியிடம் பூட்டியின் சேலை ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதன் நிறத்தையே போட்டு ஒரு பெரிய படம் தனியாகச் செய்து வீட்டில் மாட்டலாம். கையால் பூச ஆள் வேண்டுமென்றால் மோல்மீனில் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.

கம்பி_வயர்

வாங்கியதும் எல்லாவற்றையும் ஒரு தடவை முழுசாக ஏற்றி இறக்கிப் பார். புதிதில் கெட்டது அங்கேயே தெரிந்துவிடும், கடையில் மாற்றிக்கொள்ளலாம். அட்டையை அதற்குப் பிறகு ஒட்டு. கொடுக்கிற நாள்வரை பாதிச் சார்ஜில் வை, காலியாக வைக்காதே. சார்ஜர் வயரையும் கூடவே வை தம்பி, நம் ஆட்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சும்மா_பார்க்கிறேன்

மண்டபத்தில் கரண்ட் போனால் என்ன ஏற்பாடு?

பெகு_பேரன்

ஜெனரேட்டர் சொல்லியாயிற்று. டீசல்தான் இன்னும் கிடைக்கவில்லை.